மாசி முதல் ஞாயிறும் இரண்டு சைக்கிள்களும்

மார்க்கையன்கோட்டை பஸ் நிறுத்தத்தில் இனி ஒருநாளும் வந்து இறங்கப்போகாத என் ஜெசிந்தா அக்காவுக்கு,

கௌமாரி எழுதுகிறேன். உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இரண்டு வருடம் பழகியும் நாம் ஒரு வரிகூட எழுதிக்கொண்டதில்லை. உங்களிடம் இருந்தது பட்டன் போன். எனக்கோ போனை எடுத்தாலே வாய் வராது. இப்போது நீங்கள் படிக்க முடியாத நேரத்தில் எனக்குப் பக்கம் பக்கமாக எழுத வருகிறது. இது என்ன நியாயம் அக்கா?

இதை எழுதி மடித்து என் அலமாரியிலேயே வைத்திருக்கலாம். ஆனால் உங்களைப் பற்றிப் பேசியவர்கள் ஊரறியப் பேசினார்கள். பதிலும் ஊரறிய இருக்கட்டும் என்றுதான் இப்படி எழுதுகிறேன். உங்களைக் கேட்காமல் உங்கள் ரகசியத்தை வெளியே வைக்கிறேன். கோபப்படுவீர்களா, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்களா, தெரியவில்லை.

மாசி முதல் ஞாயிறு அன்று நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் வருவீர்கள் என்று முந்தின நாளே மாட்டுக்கொட்டத்தில் உரச்சாக்கு போட்டு மூடியிருந்த இரண்டு சைக்கிள்களையும் வெளியே எடுத்தேன். தூசி துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்று அடித்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்த பழைய சைக்கிள் உங்களுக்கு. வேலைக்குப் போய் வாங்கிய கியர் சைக்கிள் எனக்கு. விடிவதற்கு முன்னாலேயே கைக்கு ஒன்றாக இரண்டையும் உருட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றுவிட்டேன்.

படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கார்த்திகை பிறந்துவிட்டால் தேனியிலிருந்து குமுளி போகும் சாலையில் எங்களைப் போல சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு இடம் கிடையாது. சபரிமலைக்குப் போகிற வேனும் பஸ்ஸும் காரும் ராத்திரி பகல் பார்க்காமல் போகும். எந்த ஊரிலிருந்தோ தூங்காமல் ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள். அதோடு மார்கழிப் பனி. பத்தடிக்கு முன்னால் நிற்கிற மாடு தெரியாது. அதனால் கார்த்திகை ஒன்றாம் தேதி நாங்கள் சைக்கிளை மூடி வைப்போம். மகரஜோதி முடிந்து, கூட்டம் வடிந்து, பனியும் இறங்கிய பிறகு மாசி முதல் ஞாயிறு மறுபடி எடுப்போம். "அங்கன கோயில் நடை தொறந்தா, இங்கன நம்ம வண்டிக்கு நடை சாத்திரணும்" என்பீர்கள் நீங்கள். மாதா கோயிலுக்குப் போகிற நீங்கள் ஐயப்பனின் நாட்காட்டியை என்னைவிடச் சரியாக வைத்திருந்தீர்கள்.

அந்த மூன்று மாதமும் நாம் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. சைக்கிள் இருந்தால் பேச்சு வரும், இல்லாவிட்டால் வராது, அவ்வளவுதான். கடைசியாகக் கார்த்திகைக்கு முந்தின ஞாயிறு பஸ் ஏறும்போது படிக்கட்டில் நின்றபடி, "மாசி மொத ஞாயிறு, மொத பஸ்ஸு. ஏறுனதும் மிஸ்டு கால் குடுக்கேன்" என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நான்?

அன்று ஐந்து மணிக்கு மிஸ்டு கால் வரவில்லை. ரீசார்ஜ் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். உங்கள் ஊர் தேவாரத்திலிருந்து முதல் பஸ் வந்தது. பால் கேனோடு ஒருவர் இறங்கினார், பூக்கூடையோடு இரண்டு பெண்கள் இறங்கினார்கள். இரண்டாவது பஸ்ஸும் வந்தது, போனது. உங்கள் எண்ணுக்கு அடித்தேன். தற்போது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியில் சொன்னது.

என் அம்மா திராட்சைத் தோட்டத்து வேலைக்குக் கிளம்பி அந்த வழியாக வந்தது. "ஏத்தா, ரெண்டு பஸ்ஸு போயிருச்சு. நீ இன்னும் சந்தையில ரெண்டு மாட்டப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவ கணக்கா நிக்கிற" என்றது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அக்காவுக்கு மேலுக்கு முடியவில்லையோ என்னவோ, வெயில் ஏறுமுன் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வா என்றது. உங்கள் சைக்கிளைத் தான் வீட்டில் விட்டுவிடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டது.

உங்கள் வீட்டுக்கு நான் வந்ததே இல்லை. வீட்டுப் பக்கம் மட்டும் வந்துவிடாதே என்று நீங்கள் சொல்லி வைத்திருந்தீர்கள். அதை மீறுகிறோமே என்ற பயத்தோடுதான் தேவாரம் சாலையில் ஏறினேன்.

அக்கா, ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வழி முழுக்க நான் சந்தோஷமாகப் போனேன். மூன்று மாதமாக மடங்கிக் கிடந்த கால் வலித்தது, அந்த வலியே நன்றாக இருந்தது. மாமரங்கள் பூத்து வழியெல்லாம் அந்தப் புளிப்பு வாசம். இலவ மரங்கள் இலையை எல்லாம் கொட்டிவிட்டுப் பச்சைக் காய்களை மட்டும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றன. மேற்கே மலை பனி விலகித் துல்லியமாகத் தெரிந்தது. வசந்தம் என்று நம் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. பனி போச்சு என்பார்கள், அவ்வளவுதான். பனி போய்விட்டது என்று உங்களிடம் சொல்வதற்காகவே வேகமாக மிதித்தேன். அந்த நேரத்தில் நீங்கள் மண்ணுக்குள் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

தேவாரம் பஸ் நிற்கிற இடத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், மெத்தைக் கடையில் உறை தைக்கிற ஜெசிந்தா அக்கா வீடு எது என்று கேட்டேன். அவர் என் ஹெல்மெட்டைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார்.

"நாளைக்குத்தான முப்பது. இன்னைக்கே வந்துட்ட?"

முப்பது என்ன என்று கேட்டேன். ஏதோ திருவிழா, ஏதோ வயது, என்னவோ நினைத்துக்கொண்டு கேட்டேன். அவர் நாரைக் கீழே வைத்தார்.

"ஒனக்குத் தெரியாதா ஆத்தா? அந்தப் பிள்ள போயி நாளையோட முப்பது நாளாச்சு."

நான் "சரிங்க" என்றேன். அதைத்தான் சொன்னேன். சரிங்க, எந்தத் தெரு என்று கேட்டேன். இரண்டாவது சந்து, நீலக் கதவு என்றார். நன்றி சொன்னேன். அலுவலகத்தில் டோக்கன் கேட்பவர்களிடம் பேசுகிற அதே குரலில் பேசினேன். சைக்கிளில் ஏறியபோது எந்தக் காலை எந்தப் பெடலில் வைப்பது என்று தெரியவில்லை. உருட்டிக்கொண்டே போனேன்.

உங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, பூட்டி, சாவியைப் பையில் போட்டு, பூட்டியதை ஒருமுறை இழுத்தும் பார்த்தேன். இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு தெளிவாக நினைவிருக்கிறது? உள்ளே சுவரில் உங்கள் படம். குடும்ப அட்டைக்காக எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். முகவரி மாற்ற நீங்கள் என் இ-சேவை மையத்துக்கு வந்தபோது கொண்டுவந்த அதே படம். அதற்கு முன்னால் மெழுகுவத்தி இல்லை, மாலையும் இல்லை.

நாம் பழகியது அந்தப் படத்தால்தான். என் மேசைமேல் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டீர்கள். பத்தாம் வகுப்பு வரை நீங்களும் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனதாகச் சொன்னீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு தொடவே இல்லை என்றீர்கள். யாரிடமும் பேசாத நான், வீட்டில் இன்னொரு சைக்கிள் சும்மா கிடக்கிறது என்று சொன்னேன். என் வாய்தானா என்று எனக்கே ஆச்சரியம். விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்பதற்காக என் எண்ணை 'இ-சேவை' என்று போனில் போட்டுக்கொண்டீர்கள். பிறகு மாற்றவே இல்லை. மாற்றத் தோன்றவில்லையா, மாற்றத் தெரியவில்லையா? அதை உங்களிடம் ஒருநாளும் கேட்டதில்லை நான்.

வாசலில் உங்கள் நாத்தனார் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. எங்க வீட்டு ஆலயமணி என்று நீங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்களே, அவர்தான். "கொரியரா? கையெழுத்துப் போட இங்கன ஆளு இல்ல" என்றார். ஹெல்மெட் இன்னும் என் தலையில் இருந்தது.

உள்ளேயிருந்து உங்கள் வீட்டுக்காரர் வந்தார். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஓட்டுகிறவர் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்றாகப் போட்டிருந்தார். யார் என்று கேட்டார். ஜெசிந்தா அக்காவைப் பார்க்க வந்தேன் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அவர் நாற்காலியைக் காட்டினார். என்ன நடந்தது என்பதை அவரே சொன்னார். பொங்கல் முடிந்து கடை திறந்த அன்று தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தீர்களாம். தலை வலிக்கிறது என்று மிஷின்மேல் தலையைச் சாய்த்தீர்களாம். தேனி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில். நான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் உங்கள் நாத்தனார் கேட்டார். "ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம அவ எங்க போனான்னு ஒனக்காச்சும் தெரியுமா? கட்டுனவனுக்கும் தெரியல, கடைக்காரருக்கும் தெரியல."

பிறகு எல்லாவற்றையும் அவரே கொட்டினார். ஞாயிறு அரைநாள் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தானே நீங்கள் கிளம்புவீர்கள். அடக்கத்துக்கு வந்த மெத்தைக் கடைக்காரர், ஞாயிற்றுக்கிழமை கடை லீவாயிற்றே என்று யதார்த்தமாகச் சொல்லிவிட்டார். அதோடு உங்கள் போனை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே எண்ணுக்கு அழைப்பு. பெயர் இ-சேவை. சாவுச் செய்தி சொல்ல உங்கள் போனில் இருந்த எல்லோருக்கும் அடித்தவர்கள், ஆபீஸ் நம்பர் என்று என்னை மட்டும் விட்டுவிட்டிருக்கிறார்கள்.

"விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்த இ-சேவை தொறந்திருக்கு? எவன் பேரையோ மாத்திப் போட்டு வச்சிருக்கா" என்றார் நாத்தனார்.

உங்கள் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு முப்பதாம் நாள் பூசைக்குக் கோயிலில் சொல்லவில்லையாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது என்று நாத்தனார்தான் கேட்டாராம். அவரும் விட்டுவிட்டார். மெழுகுவத்தி ஏன் இல்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

கடைசி ஞாயிறு நாம் கூடலூர் வரை போய், திரும்பும்போது செயின் கழன்று, கையெல்லாம் கிரீஸோடு ரோட்டோரம் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றோம். அதைத்தான் இந்தத் தெரு முழுக்க வேறு கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். என் சுபாவத்துக்கு அதுதான் வரும். கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்தும் பேசாமல் நின்று மதிப்பெண்ணை விட்டவள் நான். வாசலில் அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் வந்து நின்றுவிட்டார்கள். ஆனால் நான் எழுந்து போனால், நாளைக்கு உங்கள் பெயரைச் சொல்லி ஒரு பூசைகூட இருக்காது. அதற்குப் பிறகும் அந்தக் கதை மட்டும் இருக்கும்.

"நான்தாண்ணே அந்த இ-சேவை" என்றேன்.

சத்தம் வரவில்லையோ என்று இன்னொரு முறை சொன்னேன். சின்னமனூரில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன், பஸ் ஏறியதும் அக்கா எனக்கு மிஸ்டு கால் கொடுப்பார்கள், இரண்டு பேரும் சைக்கிள் ஓட்டப் போவோம் என்றேன். நாத்தனார் மொச்சைத் தட்டைத் தள்ளி வைத்தார். "எவனோ நல்லாச் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கான்" என்றார்.

உங்கள் வீட்டுக்காரர் தன் போனை எடுத்து அந்த இ-சேவை எண்ணுக்கு அடித்தார். என் மடியில் என் போன் சும்மா கிடந்தது. "எப்பவும் போல பிஸின்னு வருதும்மா" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னவோ செய்தது. வாசலில் ஒரு பெண் சிரித்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்தபோது அந்த நாற்காலியே கீழே இறங்குவதுபோல் இருந்தது. தை மாதத்தில் ஒரு தெரியாத எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. ரசீதில் என் எண்ணைப் பார்த்துவிட்டுக் கண்டவர்களும் அடித்து ஏதாவது பேசுவது எனக்குப் பழகிப்போன தொல்லை. தெரியாத எண்ணை நான் எடுப்பதே இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டேன். உங்கள் சாவு என்னைத் தேடி வந்து கதவைத் தட்டியிருக்கிறது. நான் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன்.

போனைத் திறந்து பிளாக் செய்த எண்களை அவரிடம் காட்டினேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பான இடத்தில் தொட்டேன். நடுவில் அவருடைய எண் இருந்தது. அதை விடுவித்தேன். "இப்ப அடிங்கண்ணே" என்றேன்.

என் கையில் மணி அடித்தது. உங்கள் படத்துக்கு முன்னால் அது அடித்துக்கொண்டே இருந்தது. அவரும் நிறுத்தவில்லை, நானும் எடுக்கவில்லை. வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி "ஏசுவே" என்றாள்.

"பதினோரு தடவ அடிச்சேன்மா" என்றார் அவர், மணி நின்ற பிறகு. "மொத ரெண்டு நாளு திட்டுறதுக்குத்தான் அடிச்சேன். அப்புறம் எவனா இருந்தாலும் சரி, அவ எங்க போனா, நல்லா இருந்தாளா, அத மட்டும் சொன்னாப் போதும்னு அடிச்சேன்."

நான் சொன்னேன். நல்லா இருந்தாக என்றேன். எங்கெங்கே போனோம் என்று ஊர் ஊராகச் சொன்னேன். உத்தமபாளையம், கம்பம், கூடலூர். மேட்டில் ஏறும்போது அக்கா வாய்விட்டுப் பாட்டுப் பாடுவாக, இறக்கத்தில் பிரேக்கே பிடிக்க மாட்டாக என்றேன். எனக்கு அவ்வளவு பேச வரும் என்று எனக்குத் தெரியாது. நாத்தனார் மட்டும் விடவில்லை. நாற்பத்திரண்டு வயதில் சைக்கிளா, இதை யார் நம்புவார்கள் என்று கேட்டார்.

உங்கள் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். என் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். நீங்கள் இலவம் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்த சீட் உறையில் கையை வைத்தார். பச்சையும் சிவப்பும் கட்டம் போட்ட துணி. குனிந்து தையலைப் பார்த்தார். விரலால் தையலோடு போனார்.

"இது என் கைலி" என்றார். "ரெண்டு மாசம் தேடுனேன் இத. வெள்ளாடு தின்னுருச்சுன்னு சொன்னா."

சிரித்துவிட்டார் அக்கா. நானும் சிரித்துவிட்டேன். வெள்ளாடு! என்னிடம் கடையில் மிஞ்சிய துணி என்றல்லவா சொன்னீர்கள்? சிரித்துக்கொண்டே இருக்கும்போது அவர் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே குனிந்துவிட்டார். தோள் குலுங்கியது. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டயரைப் பார்த்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கையை நீட்டினார். சாவி கேட்டார். கொடுத்தேன். பூட்டைத் திறந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார். கியர் எது, பிரேக் எது என்று சொல்வதற்குள் வண்டி இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டு தெருவில் போய்விட்டது. ஆகாயநீல நிறத்தில், முன்னால் பூ ஒட்டிய கூடையோடு இருக்கும் என் சைக்கிள்.

"ஏலே ஆரோக்கியம், எறங்குடா. தெருவே பாக்குது, ஊரு சிரிக்கும்டா" என்று நாத்தனார் கத்தினார். இரண்டு வருடத்துக்கு முன்னால் நீங்கள் ஒரு சைக்கிள் வாங்கட்டுமா என்று வீட்டில் கேட்டீர்கள். அப்போது அவர் உங்களிடம் சொன்னதும் இதே வார்த்தைகள்தானாம். அன்று உங்கள் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார் என்று என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். இப்போது தெரு உண்மையிலேயே பார்த்தது. அவர் திரும்பவில்லை. மாதா கோயில் பக்கம் திரும்பி மறைந்துவிட்டார்.

அரைமணி நேரம் ஆயிற்று. வரும்போது ஏறாமல் உருட்டிக்கொண்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஃபாதரைப் பார்த்துவிட்டேன், நாளைக்குக் காலை ஆறு மணிப் பூசை ஜெசிந்தாவுக்கு என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். பிறகு என் பக்கம் வந்து குரலை இறக்கினார்.

"கோயில் மேட்டுக்கே நெஞ்சு அடைக்கிதும்மா. இதுலயா அவ கூடலூரு வரைக்கும் போனா?"

"போனாக" என்றேன். "திரும்பியும் வந்தாக."

மறுநாள் வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எப்போது எழுவது, எப்போது முழங்கால் போடுவது என்று தெரியாமல் எல்லோரையும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். உங்கள் பெயரைச் சொல்லி ஃபாதர் ஜெபித்தபோது உங்கள் நாத்தனார் திரும்பி என்னைப் பார்த்தார். அது என்ன பார்வை என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. வெளியே வந்ததும் என் கையில் ஒரு பை மொச்சையைத் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை அக்கா. என்னிடம் சொல்லியிருக்கலாமே அவள் என்று உங்கள் வீட்டுக்காரர் கோயில் வாசலில் கேட்டார். நீங்கள் அன்று சைக்கிள் கேட்டதும் அவர் சிரித்ததும் என் நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டேன். அதைச் சொல்லாமல் விட்டது சரிதானா? இப்போது இங்கே எழுதிவிட்டேன், அவரும் படிப்பார். ஒரு மனுஷி ஞாயிறு அரைநாள் காற்று வாங்கப் போனதற்கு, செத்த பிறகு இன்னொருத்தி வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

என்மேலும் எனக்கு ஆறவில்லை. சைக்கிள் இல்லாவிட்டால் பேச்சு வராது என்று நாம் சும்மா இருந்தோமே, அந்த மூன்று மாதம். மார்கழியில் ஒருநாள் அடித்து, தலைவலி ஏதும் இருக்கா அக்கா என்று கேட்டிருந்தால்? கேட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று அம்மா சொல்கிறது. இருக்கலாம். ஆனால் மாட்டுப் பொங்கல் அன்று அடித்திருந்தால் உங்கள் குரலையாவது கேட்டிருப்பேன் அல்லவா?

நேற்று வெயில் நன்றாக அடித்தது. எங்கள் தெருக்கோடி வேம்பு தளிர்விட்டிருக்கிறது. ஞாயிறு சைக்கிளை எடுக்கப் போகிறேன். கூடலூர் சாலையில் நம்மைச் சேர்ந்தே பார்த்தவர்கள் எத்தனையோ பேர். பழக்கடைக்காரர், டீக்கடை அக்கா, பஞ்சர் ஒட்டுகிறவர். எங்கே அந்த அக்காவைக் காணோம் என்று கட்டாயம் கேட்பார்கள். தலையை ஆட்டிவிட்டுப் போக மாட்டேன். இறங்கி நின்று, ஒவ்வொருவரிடமும் உங்கள் பெயரைச் சொல்லி, என்ன ஆயிற்று என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுவேன். வார்த்தை திக்கினாலும் சொல்வேன்.

அடுத்த கார்த்திகைக்கு வண்டி மூடியிருந்தாலும் என் வாய் மூடியிருக்காது. எனக்கு வேண்டிய ஒரு மனுஷரையும் இனி மூன்று மாதம் பேசாமல் விடமாட்டேன். போனில் பேச வராவிட்டால் பஸ் ஏறிப் போய் வாசலில் நிற்பேன். இது உங்கள்மேல் சத்தியம் அக்கா.

மேட்டில் எப்போதும் உங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த
உங்கள் தங்கச்சி,
கௌமாரி